நாலு அறிக்கை, ஒரு குழந்தை: சிறப்புப் பள்ளியில் முதல் பருவம்

சிறப்புப் பள்ளியில் புதிதாகச் சேரும் குழந்தையோடு ஒரு தடித்த கோப்பும் வந்து சேரும். பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், உளவியலாளர் என ஆளுக்கோர் அறிக்கை. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் நாலைந்து இலக்குகள். கூட்டினால் இருபதைத் தொடும். எல்லாமே சரியான இலக்குகள்தான். ஆனால் குழந்தையின் ஒரு நாளில் அவை எந்த இடத்தில் ஒன்றுசேரும் என்பது எந்த அறிக்கையிலும் இருக்காது. முழுக் குழந்தைக்கான கல்வி என்று நாங்கள் சொல்வது அவற்றை ஒன்றுசேர்க்கும் வேலையைத்தான். சேர்ந்த நாளிலிருந்து பருவ முடிவு வரை அதை எப்படிச் செய்கிறோம், எங்கே சறுக்கும் என்பதை எழுதுகிறோம்.

முதல் இரண்டு வாரம் இலக்கு எதையும் எழுதுவதில்லை, பார்ப்பது மட்டும்தான். அதிலும் உடம்பிலிருந்து தொடங்குகிறோம். இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறது? மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று? பல் வலி, காது வலி இருக்குமா? வலிப்பு மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் மந்தமாக இருக்கிறது? கண், காது பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது? காலை பத்து மணிக்கு ஒரு குழந்தை மேசையில் தலை சாய்த்தால் ‘கவனக் குறைவு’ என்று எழுதிவிடுவது எளிது. எட்டு மணிக்குக் கொடுத்த மருந்து காரணமாக இருக்கலாம். அப்படியானால் கடினமான பாடத்தைப் பதினொன்றரைக்கு மாற்றினால் போதும். மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவது மருத்துவரின் வேலை. கால அட்டவணையை மாற்றுவது நம் வேலை.

பேச்சு வராத குழந்தை திடீரென்று தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினால் முதலில் தேட வேண்டியது வலியைத்தான். மலச்சிக்கல், காதுத் தொற்று, சொத்தைப் பல், மூன்றையும் பார்த்து விலக்கிய பிறகுதான் நடத்தைத் திட்டம் பற்றிப் பேச வேண்டும். கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே நிறைந்து திரும்பிப் போகிறதா என்று பாருங்கள். பல மலச்சிக்கல்களுக்குத் துப்பு அங்கேயே கிடைக்கும்.

அடுத்தது பெற்றோர் சந்திப்பு. “குழந்தைக்கு என்னென்ன பிரச்சினை?” என்று கேட்பதை விட்டுவிட்டோம். அதைச் சொல்லிச் சொல்லியே அவர்கள் களைத்துப் போயிருப்பார்கள். “காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு தூங்கும் வரை ஒரு நாளை அப்படியே சொல்லுங்கள்” என்கிறோம். எந்த இடத்தில் குழந்தை சிரிக்கிறது, எந்த இடத்தில் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது தானாக வெளிவரும். கடைசியில் ஒரே கேள்வி: “இதில் ஒன்று மாறினால் போதும் என்றால் எது?” அவர்கள் சொல்வது இலக்குப் பட்டியலில் கட்டாயம் இடம்பெறும், நாங்கள் முக்கியமாக நினைத்தது வேறாக இருந்தாலும்.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்ற ஐ.சி.எஃப். என்னும், செயல்பாடு, இயலாமை, உடல்நலம் பற்றிய பன்னாட்டு வகைப்பாடு உடலின் செயல்பாடு, ஒருவர் செய்யும் காரியங்கள், வாழ்க்கையில் பங்கெடுப்பது என்று பிரித்துப் பார்க்கிறது, சூழலையும் சேர்த்துக்கொள்கிறது. இலக்கு எழுதும்போது இது பெரிய உதவி. ‘கைப்பிடி வலுப்பெற வேண்டும்’ என்பது உடலோடு நின்றுவிடுகிறது. ‘இடைவேளையில் தன் டப்பாவைத் தானே திறந்து, மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும்’ என்றால் அதற்குள் கைப்பிடியும் இருக்கிறது, பங்கெடுப்பும் இருக்கிறது. ஒரு பருவத்துக்கு மூன்று, மிஞ்சினால் ஐந்து இலக்கு. ஒவ்வொன்றிலும் எந்தச் சூழலில், என்ன செய்யும், எவ்வளவு உதவியோடு, எத்தனை முறைக்கு எத்தனை என்ற நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். ‘தொடர்புத் திறன் மேம்படும்’ போன்ற வரியை நாங்கள் ஏற்பதில்லை. மேம்பட்டதா இல்லையா என்று இரண்டு பேர் பார்த்து ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

இனி இடைவேளை மேசைக்கு வருவோம். வேலை பெரும்பாலும் நடப்பது அங்கேதான். ஒரு தாளில் இடப்பக்கம் அன்றைய நிகழ்வுகள், மேலே இலக்குகள் என்று கட்டம் போட்டு, எந்த இலக்கு எந்த நிகழ்வில் இயல்பாக வருகிறதோ அங்கே குறியிடுகிறோம். பெரும்பாலும் அதிகக் குறிகள் விழுவது சாப்பாட்டிலும் கழிப்பறைக்குப் போய்வருவதிலும்தான். பல பள்ளிகளில் அவசர அவசரமாக முடிக்கும் வேளைகளும் அவைதான். இடைவேளையை இருபது நிமிடத்திலிருந்து நாற்பதாக நீட்டியது எங்கள் கால அட்டவணையில் செய்த நல்ல மாற்றங்களில் ஒன்று.

முதலில் இருக்கை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய 90 பாகையில் மடங்கி, பாதம் முழுதும் தரையிலோ பலகையிலோ படிய வேண்டும். மேசை முழங்கை உயரத்தில். கால் அந்தரத்தில் தொங்கினால் விழாமல் இருப்பதற்கே குழந்தையின் பலம் செலவாகிவிடும். கைக்கும் வாய்க்கும் மிச்சம் இருக்காது. சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ, சாப்பிட்ட பின் குரல் தண்ணீர் கலந்தாற்போல் கரகரத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு விழுங்கும் திறனைப் பரிசோதிக்க அனுப்ப வேண்டும். இதில் காத்திருக்கக் கூடாது.

டப்பா திறப்பதைப் படிகளாகப் பிரிக்கிறோம்: பையிலிருந்து எடுப்பது, மேசையில் வைப்பது, ஒரு கையால் பிடிப்பது, மறு கை விரலை மூடியின் விளிம்புக்கு அடியில் கொடுப்பது, தூக்குவது, மூடியை ஓரமாக வைப்பது. கற்றுக்கொடுப்பது கடைசியிலிருந்து. விளிம்பை நாங்களே நெம்பி மூடியைத் தளர்த்திவிடுவோம். எடுத்து ஓரமாக வைப்பது மட்டும் குழந்தையின் வேலை. திறந்ததும் உணவு கண்முன் இருக்கும். தனியாகப் பரிசு தேவைப்படாது. அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி. முதலிலிருந்து தொடங்கினால், குழந்தை பாடுபட்டு ஒரு படியைச் செய்ய, மிச்சத்தைப் பெரியவர் செய்து, வெற்றியும் அவருடையதாகிவிடுகிறது.

வேண்டியதைக் கேட்பதற்குப் பட அட்டை. ஆன்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985-இல் உருவாக்கிய, படத்தைக் கொடுத்துப் பொருளைக் கேட்கப் பழக்கும் பெக்ஸ் முறையில் முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் பொருளோடு எதிரில். மற்றவர் பின்னால் இருந்து, குழந்தை கையை நீட்டியதும் அதை அட்டைக்கு வழிநடத்துவார். பின்னால் இருப்பவர் பேசவே கூடாது. “என்ன வேணும்?” என்று எதிரில் இருப்பவரும் கேட்கக் கூடாது, கேட்டால்தான் அட்டை கொடுப்பது என்று பழகிவிடும். ஆள் இல்லை என்று ஒருவரே இரண்டையும் செய்யப் பார்ப்பது வழக்கமான சறுக்கல். இன்னொன்று, அட்டைகளை அலமாரியில் பத்திரமாக வைப்பது. கைக்கு எட்டாத அட்டையால் எப்படிக் கேட்பது? எந்த முறையைப் பின்பற்றினாலும், ‘வேண்டும்’ மட்டும் இருந்து ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘வலிக்கிறது’ இல்லாத அட்டைத் தொகுப்பு அரைகுறை. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத குழந்தை தட்டைத் தள்ளிவிடும். அதையும் நாம் நடத்தைக் கோளாறு என்று எழுதிவைப்போம்.

ஒன்றைச் சொல்லிவிட்டுப் பத்து விநாடி வாய் திறக்காமல் காத்திருப்பதுதான் புதிய ஆசிரியர்களுக்கு மிகக் கடினம். மூன்றாம் விநாடியிலேயே திரும்பச் சொல்வார்கள், ஐந்தாவதில் கையைப் பிடிப்பார்கள். அப்போதுதான் தயாராகிக்கொண்டிருந்த குழந்தைக்கு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். உதவிகளிலேயே விலக்கிக்கொள்வது கடினமானது வாய்ச் சொல் உதவிதான். “திற, திற” என்று பழக்கிவிட்டால் அந்தக் குரல் வரும்வரை கை டப்பாவின் மேல் அப்படியே நிற்கும்.

பதிவேட்டில் டிக் போடுவதில்லை. தானாகச் செய்தால் ‘தா’, சைகை காட்டிச் செய்தால் ‘சை’, கை பிடித்துச் செய்தால் ‘கை’. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஐந்து வாய்ப்பு போதும். இரண்டு வாரமாக ‘கை’ அப்படியே இருந்தால் குறை எங்கள் திட்டத்தில்: படி பெரிதாக இருக்கும், மூடி இறுக்கமாக இருக்கும், அல்லது உணவு பிடிக்காது. ஒரே ஆசிரியரிடம் மட்டும் ‘தா’ என்று வந்தால் கற்றல் முடியவில்லை. வேறு ஆள், வேறு டப்பா, வேறு இடம் என்று மூன்றிலும் பார்க்க வேண்டும்.

நடத்தைக்குத் தனிப் பதிவு: முன் என்ன நடந்தது, என்ன செய்தது, பின் என்ன கிடைத்தது. பிறர் கவனம், பிடித்த பொருள், வேலையிலிருந்து தப்பித்தல், அந்தச் செயலே தரும் புலனுணர்வு ஆகிய நான்கில் எதற்காகச் செய்கிறது என்று தெரியாமல் ‘கண்டுகொள்ளாமல் விடுங்கள்’ என்று சொல்வது ஆபத்து. தப்பிக்கக் கத்தும் குழந்தையை வெளியே அனுப்பினால் கத்தலுக்குக் கூலி கொடுத்தாயிற்று. அதற்கு ‘இடைவெளி வேண்டும்’ அட்டையைக் கற்றுக்கொடுத்து, தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் உடனே மதிக்க வேண்டும்.

முழுக் குழந்தை என்ற பேச்சில் எழுத்தும் கணக்கும் காணாமல் போவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. பேச்சு வராத குழந்தைக்கும் தினமும் வாசிப்பு நேரம் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மழலைப் பாட்டுப் புத்தகம் வேண்டாம். அந்த வயதுக்கான விஷயத்தை எளிய வரிகளில் எழுதிக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு ஒரே ஒரு படி மட்டும் அனுப்புகிறோம், பள்ளியில் கைவந்ததை மட்டும். எப்படிச் செய்கிறோம் என்று அரை நிமிட வீடியோவும் கூடவே. பருவ முடிவில் வகுப்பு மாறும்போது அடுத்த ஆசிரியருக்குத் தடித்த கோப்போடு ஒரு தனித் தாளும் போகும்: எந்த நாற்காலி, எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும், எந்தச் சத்தம் பிடிக்காது, கட்டைவிரலைக் கடித்தால் என்ன அர்த்தம், எதைக் காட்டினால் சிரிக்கும். பழைய ஆசிரியர் முதல் வாரம் அந்த வகுப்பின் இடைவேளைக்குப் போய் உட்காருவார். இரண்டாம் வாரம் ஒரு நாள் மட்டும்.