பண்டைய போர் வரலாற்றுப் பாடம்: பறிபோன மதிப்பெண்ணை மீட்ட அனுபவம்

பண்டைய, இடைக்காலப் போர்முறை பற்றிய விருப்பப் பாடத்தை ஒருவழியாக முடித்துவிட்டேன். திருத்திய மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் இதை எழுத உட்கார முடிந்தது. கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அடுத்து இந்தப் பாடத்தை எடுக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பதிவிலேயே தொல்லை ஆரம்பித்துவிட்டது. முந்தைய வரலாற்றுப் பாடத்தில் தேறியதற்குச் சான்று வேண்டும் என்றார் துறை அலுவலக எழுத்தர். நான் தேறியிருப்பது அவர் முன்னால் இருந்த கணினித் திரையிலேயே தெரிந்தது. ஆனாலும் காகிதம் வேண்டுமாம். அலைந்து வாங்கி வந்தால், முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார். இதற்குள் வகுப்பில் இடம் நிரம்பிக்கொண்டிருந்தது. கடைசியில் பேராசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் ஒரு வரி பதில் போட்டார், அன்று மாலையே பெயர் ஏறிவிட்டது. ஆகவே முதலில் பேராசிரியருக்கு எழுதுங்கள், அலுவலகத்துக்கு அப்புறம் போகலாம்.

வகுப்புகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாசிடோனிய ஈட்டி அணி, லெஜியன் என்ற ரோமப் படைப்பிரிவு, முற்றுகைக் கருவிகள், இங்கிலாந்தின் நீள்வில் எல்லாம் வேகமாகவும் சுவையாகவும் போயின.

சிக்கல் வாசிப்புத் தொகுப்பில் இருந்தது. கி.மு. 216-இல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமப் படையைத் தெற்கு இத்தாலியில் அழித்த கான்னே போர்தான் பருவக் கட்டுரைக்கான தலைப்பு. அதற்கு அடிப்படை, கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதிய வரலாற்றின் 3-ஆம் நூல். நகலெடுத்துக் கட்டித் தந்த தொகுப்பில் 106-ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு நேராக 113 வந்தது. நடுவில் ஆறு அத்தியாயங்களைக் காணோம். பக்க எண்கள் மட்டும் வரிசையாக அச்சாகியிருந்ததால் வகுப்பில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

விட்டுப்போனது சாதாரணப் பகுதியாக இருந்தால் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன். ரோமர்கள் தானியம் சேர்த்து வைத்திருந்த கான்னே கோட்டையை ஹன்னிபால் முதலில் கைப்பற்றுவது 107-இல் வருகிறது. சுற்றுவட்டார விளைச்சல் அங்கேதான் குவிந்திருந்தது. அது பறிபோனதும் ரோமப் படை தவிக்கிறது, சண்டைக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. 112-இல் ஹன்னிபால் பக்கம் இருந்த வட ஆப்பிரிக்க நுமிடியக் குதிரைவீரர்கள் ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்த ரோமர்களைத் தாக்குகிறார்கள். இந்த இரண்டையும் படிக்காதவருக்குக் கான்னே என்றால், நடுப்பகுதி பின்வாங்கப் பக்கங்கள் சூழ்ந்துகொண்ட அந்தப் படம் மட்டும்தான். அவ்வளவு பெரிய படை அந்த இடத்துக்கு ஏன் வந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

சோற்றையும் தண்ணீரையும் விட்டுவிட்டுப் போரைப் படிப்பதில் அர்த்தமே இல்லை என்று நான் நினைக்கிறேன். ஹன்னிபாலிடம் சுமார் 10,000 குதிரைகள் இருந்தன. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 9 கிலோ தீவனம், 30 லிட்டர் தண்ணீர் என்று வைத்துப் பாருங்கள்: 90 டன் தீவனம், 3 லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரே நாளைக்கு, குதிரைகளுக்கு மட்டும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் தானியக் கிடங்கின் மேல் அவர் ஏன் கண் வைத்தார் என்பது எனக்கு உறைத்தது.

நூலகத்தில் இருந்த ஒரே படியை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். வேறொரு மொழிபெயர்ப்பு கிடைத்தது, பழைய பதிப்பு. இதில் ஒரு வசதி உண்டு. பண்டைய ஆசிரியர்களை மேற்கோள் காட்டும்போது பக்க எண் தேவையில்லை. நூல் எண், அத்தியாய எண் போதும். 3.107 என்று போட்டால் எந்தப் பதிப்பிலும் அதே இடம்தான் வரும். நானும் கட்டுரை முழுக்க அப்படியே போட்டேன்.

அதுவே வினையாகிவிட்டது. கட்டுரையைத் திருத்திய உதவியாளர் ஒவ்வொரு மேற்கோளின் பக்கத்திலும் 'பக்க எண் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். இன்னொன்று இன்னும் வலித்தது. போரில் இறந்தவர்கள் 70,000 என்பது பாலிபியஸ் கணக்கு என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு '48,200 என்பதே சரி' என்று போட்டிருந்தார்.

அடுத்த பத்தியையே அவர் படிக்கவில்லை. 48,200 என்பது ரோம வரலாற்றாசிரியர் லிவி தரும் கணக்கு: 45,500 காலாட்கள், 2,700 குதிரைவீரர்கள், இடம் 22.49. அதையும் நான் எழுதியிருந்தேன். பாலிபியஸ் கணக்கு இடிக்கிறது என்பதுதான் கட்டுரையின் வாதமே. ரோமக் காலாட்படை சுமார் 80,000 என்கிறார் அவர். பிறகு சுமார் 70,000 பேர் இறந்தார்கள், 10,000 பேர் பிடிபட்டார்கள், 3,000 பேர் தப்பினார்கள் என்கிறார். கூட்டிப் பார்த்தால் 83,000 வருகிறது. லிவி போருக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து எழுதியவர், பாலிபியஸோ கிட்டத்தட்ட அடுத்த தலைமுறை. காலத்தால் நெருங்கியவர் என்பதற்காக மட்டும் ஒருவர் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று காட்ட நான் உழைத்த உழைப்பு ஒரே கோட்டில் அடிபட்டுப் போனது.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கப் போனால் அதே அலுவலகம், அதே எழுத்தர். திருத்திய கட்டுரையின் மூலப்படியை இணைக்கச் சொன்னார். அது துறையின் அலமாரியில்தான் இருந்தது, மாணவர்களிடம் தருவதில்லை. நகல் எடுக்கலாமா என்றால் அனுமதிக் கடிதம் வேண்டுமாம். கடைசித் தேதி நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்கியது. திருத்திய கட்டுரையை வகுப்பில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வதற்குள் எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. படங்களை அச்செடுத்து, பாலிபியஸ் 3.113, 3.117, லிவி 22.49 மூன்றின் நகலையும் சேர்த்து, கூட்டல் கணக்கை ஒரு தனித்தாளில் எழுதி இணைத்தேன். திருத்திய தாள் கைக்கு வந்த நிமிடமே படம் எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் குறை சொல்லிப் பத்தி பத்தியாக எழுதாதீர்கள், ஆதாரத்தை மட்டும் வையுங்கள்.

பேராசிரியர் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. மேற்கோள் முறை சரிதான் என்று எழுதி, குறைத்த மதிப்பெண்ணை முழுதாகத் திருப்பித் தந்தார். கூட்டல் கணக்கின் ஓரத்தில் ஒரு சரிக்குறியும் போட்டிருந்தார். அந்தச் சரிக்குறி எனக்கு மதிப்பெண்ணைவிடப் பெரிதாகப் பட்டது.

இறுதித் தேர்வு சிரமமில்லாமல் போனது. 1187 ஜூலையில் பாலஸ்தீனத்தின் ஹத்தீனில் சுல்தான் சலாவுதீனிடம் கிறித்தவர்களின் சிலுவைப்போர்ப் படை ஏன் தோற்றது என்று ஒரு பெரிய கேள்வி. ஊற்றுகள் இருந்த செஃபோரிஸ் என்ற ஊரை விட்டு வெயிலில் திபேரியா நகரை நோக்கி நடந்தது, தண்ணீருக்குப் போகும் வழியைச் சலாவுதீன் அடைத்தது என்று தண்ணீரை வைத்தே முழு விடையையும் எழுதினேன். போர்க்கள வரைபடங்களை மனப்பாடம் செய்து மட்டும் போனவர்கள் அந்தக் கேள்வியில் திணறினார்கள். பழகும்போது ஒவ்வொரு வரைபடத்திலும் ஆறு, கிணறு, தானியக் கிடங்கு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போன ஆறு அத்தியாயங்களைப் பற்றியும் பேராசிரியரிடம் சொன்னேன். அடுத்த பருவத்துத் தொகுப்பில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் உங்கள் கைக்குத் தொகுப்பு வந்ததும் பக்க எண்ணை நம்பாமல் அத்தியாய எண்களை ஒரு முறை விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள். 106-க்கு அடுத்து 107 இருக்க வேண்டும்.