212 காலடி

23 அக்டோபர் 2023, திங்கள்

ஆயுத பூஜை. காருக்குச் சந்தனம், குங்குமம். ஸ்டெதாஸ்கோப்பைச் சரஸ்வதி படத்தின் முன் வைத்தேன். பெரியவனின் லேப்டாப்பையும் வைக்கலாம் என்று கதவைத் தட்டினேன். திறக்கவில்லை.

25 அக்டோபர், புதன்

பொட்டு வைத்த கார்க் கண்ணாடியைத்தான் எவனோ உடைத்திருக்கிறான். இரவுப் பணி முடிந்த காலை ஏழேகால் மணி, வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. இருக்கை முழுவதும் கற்கண்டு போலக் கண்ணாடித் துண்டுகள். திருடு போனது பழைய ஸ்வெட்டர் ஒன்றும், எலுமிச்சைச் சாதம் இருந்த பையும். சாப்பிட்டுத் தொலைக்கட்டும்.

வாகன நிறுத்துமிடத் தூணுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். நின்றான், அவ்வளவுதான். நான் கார் சாவியை விரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தொரு வயதில் எனக்கு இருக்கும் ஆயுதம் அது.

26 அக்டோபர்

மருத்துவமனைக் கதவிலிருந்து மூன்றாம் தளத்தில் கார் நிற்கும் இடம் வரை 212 காலடி.

28 அக்டோபர், சனி

துப்பாக்கிக் கடைக்குப் போனேன். ஹூஸ்டனில் இருபது ஆண்டுகள் இருந்தும் இதுதான் முதல் முறை. உள்ளே துணிக்கடை வெளிச்சம். கண்ணாடிப் பெட்டிக்குள் நகைக்கடையில் வளையல் அடுக்குவதைப் போல அடுக்கியிருக்கிறார்கள். விற்பனையாளர் என் கையைப் பார்த்துவிட்டு நேராக ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தார். ஐந்து தோட்டா. பிடி இளஞ்சிவப்பு! விசையை இழுத்தேன். ஆட்காட்டி விரலால் ஒரு குக்கர் மூடியைத் திறப்பது போல இருந்தது. பெண்ணுக்குச் சின்னக் கை, சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது அவருடைய கணக்கு.

ருகர் எல்சிபி என்ற குட்டிப் பிஸ்டலையும் கையில் வாங்கிப் பார்த்தேன். தோட்டா இல்லாமல் 270 கிராம், உள்ளங்கையில் மறைந்துவிடுகிறது. விலையும் குறைவு. ஆனால் அதற்கான .380 அளவுத் தோட்டா 9 மில்லிமீட்டர் தோட்டாவைவிட விலை அதிகம். துப்பாக்கியை ஒரு முறைதான் வாங்குவோம், தோட்டாவை மாதாமாதம் வாங்க வேண்டும். இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கி ஏமாந்தவளுக்கு இது தெரியாதா?

நானூறு டாலருக்கு மேல் ஒரு சென்ட் கிடையாது. கார்க் கண்ணாடிக்கே 310 போய்விட்டது.

29 அக்டோபர்

அவர் திருச்சியிலிருந்து பேசினார். அத்தைக்கு இன்று இரண்டு வாய் கஞ்சி இறங்கியதாம். "கண்ணாடி போட்டாயா?" என்றார். "போட்டுவிட்டேன், நீங்கள் அத்தையைப் பாருங்கள்" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. பெரியவனிடம் பேச வேண்டும் என்றார். தூங்குகிறான் என்றேன். தூங்கவில்லை. கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது.

31 அக்டோபர்

ஹாலோவீன். வாசலுக்கு வந்த ஒரு சிறுவன் கவ்பாய் வேடம் போட்டு, நுனியில் ஆரஞ்சு நிறம் அடித்த பொம்மைத் துப்பாக்கியை என் வயிற்றுக்கு நேராக நீட்டினான். இரண்டு சாக்லேட் கொடுத்தேன். கை நடுங்கியது எனக்கு மட்டும் தெரியும்.

1 நவம்பர், புதன்

பயிற்சிக் கூடத்தில் வாடகைக்குத் துப்பாக்கி தருகிறார்கள். ஒரே பிற்பகலில் நான்கைச் சுட்டுப் பார்த்தேன்.

புரிந்தது இது. எடை குறையக் குறைய உதை கூடுகிறது. குழல் குட்டையாகக் குட்டையாக உள்ளே இருக்கும் வில்சுருள் விறைப்பாகிறது, துப்பாக்கியின் மேல் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க இரண்டு கட்டைவிரலும் கெஞ்சுகின்றன. கைக்கு அடக்கமானது கைக்கு எளிதாக இருக்கும் என்று நினைத்தால் நேர் எதிர். பயிற்சியாளர் அம்மா, அறுபது வயது இருக்கும், வழி சொல்லிக் கொடுத்தார்: ஸ்லைடை இழுக்காதே, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிடியை முன்னுக்குத் தள்ளு. அம்மிக் குழவியைத் தள்ளுகிற தோள்தானே, உடனே வந்துவிட்டது.

சிக் சாவர் பி365 மனத்துக்குப் பிடித்தது. அரைக் கிலோ எடை, பத்துத் தோட்டா. 2018இல் அது வந்த பிறகுதான் இவ்வளவு சிறிய உடலில் இத்தனை தோட்டா என்பது வழக்கமானதாம். விலை என் கோட்டைத் தாண்டுகிறது. டாரஸ் ஜி3சி மலிவு, பன்னிரண்டு தோட்டா, ஆனால் தடிமன். ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு, 2012இல் வந்த பழைய வகை, ஒரு அங்குலத்துக்கும் குறைவான தடிமன். தோட்டா ஏழு அல்லது எட்டுதான். எட்டுத் தோட்டாவுக்கு மேல் தேவைப்படும் நாளில் எனக்குத் தேவைப்படுவது துப்பாக்கி இல்லை, அம்மன் அருள்.

சுடும்போது தோட்டாவின் காலிக் கூடு ஒன்று எகிறி என் கழுத்துப் பட்டைக்குள் விழுந்தது. தாலிச் சங்கிலிக்கும் தோலுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. கொதிக்கும் எண்ணெய் தெறித்த மாதிரி. துள்ளத் தோன்றியது. துள்ளினால் கையில் இருப்பது எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாதே. பல்லைக் கடித்துக்கொண்டு, துப்பாக்கியை மேடையில் வைத்துவிட்டு, அதன் பிறகே கையை உள்ளே விட்டேன். கொப்புளம் ஒரு சோளம் அளவு.

கூடம் முழுக்க ரோல் கேப் வாசனை. தீபாவளிக்குத் தம்பி அந்தத் துப்பாக்கியை ஒரு நாளும் எனக்குக் கொடுத்ததில்லை.

3 நவம்பர்

கொப்புளம் உடைந்தது. இட்லி நான்கு வைத்தேன், பெரியவன் இரண்டு சாப்பிட்டிருக்கிறான். மனநல ஆலோசகரிடம் அவனுக்கு டிசம்பர் 11க்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது.

5 நவம்பர், ஞாயிறு

கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிய இரவு. ஒரு மணி இரண்டு முறை வந்தது. இனிமேல் காலையில் வெளியே வரும்போது வெளிச்சம், மாலையில் போகும்போது இருட்டு. தூண் அதே தூண்.

8 நவம்பர், புதன்

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், இருபத்தொரு வயது நிரம்பிய, தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் உரிம வகுப்புக்குப் போனேன். கற்காமல் ஊசி போட எனக்கு யாராவது அனுமதி கொடுத்திருப்பார்களா? மூன்று, ஏழு, பதினைந்து கஜத்தில் மொத்தம் ஐம்பது தோட்டா. 250க்கு 203 எடுத்தேன். 175 போதும்.

ஆனால் வகுப்பில் மண்டையில் அடித்தாற்போல ஒன்று. மருத்துவமனைக் கட்டடத்துக்குள் எடுத்துப் போக முடியாது. வாகன நிறுத்துமிடத்தில், பூட்டிய காருக்குள் வைத்துக்கொள்ளலாம், அதற்கு முதலாளி தடை சொல்ல முடியாது. ஆக, துப்பாக்கி காரில் இருக்கும். நான் அந்த 212 காலடியையும் வெறுங்கையோடு நடப்பேன். நடந்து போய், கண்ணாடியை உடைத்தவன் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டானா என்று பார்க்க வேண்டும்.

இதை ஏன் யாரும் கடையில் சொல்லவில்லை? நான்தான் ஏன் கேட்கவில்லை?

9 நவம்பர்

செவிலியர் உடையில் இடுப்புக்கு நாடாதான், பெல்ட் இல்லை. துப்பாக்கி உறையை அதில் மாட்டினால் எல்லாமே இறங்கிவிடும். வயிற்றில் சுற்றிக் கட்டும் ரப்பர் பட்டி ஒன்று விற்கிறது. பெரியவன் பிறந்தபோது அம்மா பழைய வேட்டியைக் கிழித்து என் வயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டாள். அதே இடம்.

மறைப்பதில் குழலின் நீளம் பெரிதில்லை. காட்டிக்கொடுப்பது பிடிதான். குனியும்போது சட்டையை உந்திக்கொண்டு நிற்கும்.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன்? வேலைக்கு எடுத்துப் போகவே முடியாது என்று நேற்றுத்தானே எழுதினேன்.

12 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் வைத்துக்கொள்ள வந்தான்! தலையைக் குனிந்து உட்கார்ந்தான். உச்சியில் எண்ணெயை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான், சின்ன வயதில் மூடுவது போலவே. பத்து நிமிடம். பிறகு கதவு.

14 நவம்பர், செவ்வாய்

வாங்கிவிட்டேன். பயன்படுத்திய ஷீல்டு, 9 மில்லிமீட்டர், 279 டாலர். வரியோடு 302 டாலர் 2 சென்ட். பிடியில் ஒரு கீறல், குழல் சுத்தம்.

4473 என்ற படிவம். பிறந்த ஊர், குடியுரிமை, கிரீன் கார்டு எண். குற்ற வழக்கு உண்டா, போதைப் பொருள் உண்டா, மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது உண்டா. எல்லாம் என்னைப் பற்றி. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வியும் இல்லை. இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன்.

எஃப்பிஐ சரிபார்ப்பில் உடனே ஒப்புதல் வரவில்லை, 'தாமதம்' என்று வந்தது. அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று எந்தக் கணினிக்குத்தான் நம் பெயர் புரிந்திருக்கிறது. மூன்று வேலை நாள்களில் பதில் வராவிட்டால் சட்டப்படி கடைக்காரர் கொடுத்துவிடலாமாம். சனிக்கிழமை வாருங்கள் என்றார்.

15 நவம்பர்

பதில் இல்லை.

16 நவம்பர், வியாழன், அதிகாலை மூன்று மணி

ஏழாம் எண் படுக்கையில் பதினாறு வயதுப் பையன். அவனுடைய அம்மாவிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். ஒவ்வாமை, மாத்திரைகள், பிறகு "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" எத்தனையோ ஆண்டுகளாகத் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்கிற கேள்வி. அந்த அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தாங்களே. பயிற்சி வகுப்பில் எப்போதோ எழுதி வைத்த காகிதம் லாக்கரில் இருக்கிறது. தூணுக்குப் பக்கத்தில் நின்றவன் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் வருவான்?

17 நவம்பர்

பதில் இல்லை. ரசம் மட்டும் குடித்தான்.

18 நவம்பர், சனி

கடையிலிருந்து செய்தி: வந்து எடுத்துக்கொள்ளலாம், ஞாயிறும் கடை உண்டு. போகவில்லை. தூக்கம் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

19 நவம்பர், ஞாயிறு

நான் தூங்கிக்கொண்டிருந்தபோது பார்சல் வந்திருக்கிறது. எண் பூட்டு வைத்த இரும்புப் பெட்டி. போன வாரம் ஆர்டர் செய்துவிட்டு மறந்தே போனேன். பெரியவன் பிரித்து மேசைமேல் வைத்திருந்தான்.

"இது எதற்கு அம்மா?"

"நகை வைக்க."

"உங்களிடம் நகையா?" என்று சிரித்தான். எத்தனை வாரம் கழித்து.

அவன் உள்ளே போனதும் எண் வைக்க உட்கார்ந்தேன். அவன் பிறந்த ஆண்டு, என் பிறந்த ஆண்டு, கல்யாண நாள், திருச்சி வீட்டுக் கதவு எண், பழைய காரின் எண். எனக்கு நினைவில் நிற்கிற எந்த எண்ணும் அவனுக்குத் தெரியாததில்லை. என் வங்கி அட்டையின் எண்ணைக்கூட அவன்தான் வைத்துக் கொடுத்தான்.

212 போட்டேன். நான்கு இலக்கம் கேட்கிறது.

கடை ஆறு மணிக்கு மூடிவிடும். இப்போது நாலரை.