பேஜிங் வேலை: நாட்குறிப்பு

மார்ச் 3
பேஜிங், அதாவது ஸ்பீக்கர் வழியாக அறிவிப்பு சொல்லும் அமைப்பு, பொருத்துவதற்காகச் சத்தம் அளக்கும் மீட்டரோடு கட்டடம் முழுக்கச் சுற்றினேன். மூன்று தளம், அடியில் வண்டி நிறுத்துமிடம். அலுவலகப் பகுதியில் 50 டெசிபல், மதியம் கேன்டீனில் 70. சுற்றுச் சத்தத்தைவிட 10 முதல் 15 டெசிபல் கூடுதலாக ஒலித்தால்தான் அறிவிப்பின் சொற்கள் காதில் விழும். அப்படிப் பார்த்தால் கேன்டீனுக்கு வேண்டிய ஒலி அலுவலகத்தில் இருப்பவரைத் திடுக்கிட வைக்கும். இரண்டையும் தனித்தனி ஜோனாக, அதாவது ஒலியளவைத் தனியே வைக்கக்கூடிய பகுதியாக, பிரித்தாயிற்று. ஒரே தளத்தில் இருப்பதால் ஒரே ஜோன் என்று முடிவு செய்வதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

மார்ச் 5
நான்கு மூலையிலும் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் போதாதா என்று கட்டட மேலாளர் கேட்டார். தொலைவு இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். மூலையில் இருப்பவருக்குக் காது அடைக்கும், நடுவில் இருப்பவருக்குப் பாதி புரியும். சின்ன ஸ்பீக்கர்கள் நிறைய, ஒவ்வொன்றும் மெதுவாக. இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது.

கூரை 3 மீட்டர். உட்கார்ந்திருப்பவர் காது 1.2 மீட்டரில். மிச்சம் 1.8. ஸ்பீக்கர் 90 டிகிரி கோணத்தில் பரப்பினால் காது மட்டத்தில் 3.6 மீட்டர் அகல வட்டம் கிடைக்கும். இடைவெளியை அதற்குள் வைத்துப் படம் வரைந்து காட்டினேன். சரி என்றார்.

மார்ச் 8
கேபிள் இழுப்பு. எல்லாம் 100 வோல்ட் லைன்: ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) 100 வோல்ட்டில் அனுப்பும், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைத்து எடுத்துக்கொள்ளும். மின்னழுத்தம் கூடினால் அதே வாட்டுக்குக் கரன்ட் குறைவு, அதனால் நீள ஓட்டத்திலும் இழப்பு கொஞ்சம்தான். மைக் கேபிளை ஸ்பீக்கர் லைனோடும் பவர் கேபிளோடும் சேர்த்துக் கட்ட வேண்டாம் என்று பையன்களிடம் அழுத்திச் சொன்னேன்.

மார்ச் 12
ஆம்ப் போடுவதற்கு முன் ஒவ்வொரு லைனையும் இம்பீடன்ஸ் (ஏசி மின்தடை) மீட்டரில் பார்த்தேன். சாதா மல்டிமீட்டர் இதற்கு உதவாது. அது டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் டிசி தடையைத்தான் காட்டும்.

கேன்டீனில் 12 ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 6 வாட் டேப் (டிரான்ஸ்ஃபார்மரில் வாட் அளவைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு), மொத்தம் 72 வாட். 100 வோல்ட்டின் வர்க்கம் 10,000, அதை 72ஆல் வகுத்தால் சுமார் 139 ஓம் வர வேண்டும். மீட்டரில் 8 ஓம்கூடத் தேறவில்லை. லைனைப் பாதி பாதியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே போனதில், கைகழுவும் இடத்துக்கு மேலே ஒரு ஸ்பீக்கரில் மாட்டிக்கொண்டது. டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டு லைன் நேரே ஸ்பீக்கரின் காயிலுக்கு (கம்பிச் சுருள்) போயிருந்தது. ஆம்பை ஆன் செய்திருந்தால் அந்தக் காயில் எரிந்திருக்கும், ஆம்பும் போயிருக்கலாம். மாற்றியதும் 139ஐ ஒட்டி வந்தது. 120 வாட் ஆம்ப் தாராளம்.

மார்ச் 15
இன்று முழுக்க வண்டி நிறுத்துமிடம். கான்கிரீட் தரை, கான்கிரீட் கூரை, எங்கும் எதிரொலி. சொன்னது சுற்றிச் சுற்றி வந்து அடுத்த சொல்லின்மேல் ஏறுகிறது. சத்தம் கூட்டினால் எதிரொலியும் கூடவே ஏறும். அதனால் ஹார்ன்களை (கூம்பு ஸ்பீக்கர்கள்) சுவரிலிருந்து திருப்பி, ஆட்கள் நடக்கும் பாதையைப் பார்த்துச் சாய்த்தேன். டேப்பைப் பாதியாக்கினால் 3 டெசிபல் இறங்கும். அதையும் செய்து, இடையில் இன்னும் சில ஹார்ன் சேர்த்தேன். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த ஒலியை வெட்டியதும் இரைச்சல் அடங்கியது. மெய்யெழுத்துகளின் தெளிவு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, அங்கே கை வைக்கவில்லை.

மார்ச் 17
முன்னுரிமை அமைப்பு. முதலில் அவசர அறிவிப்பு, அப்புறம் பேஜிங், கடைசியில் இசை. கூட்ட அறைகளில் சுவரில் வால்யூம் குமிழ் இருக்கிறது. யாராவது அதைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டால் தீ எச்சரிக்கை அந்த அறைக்குள் போகாது. அதனால் 24 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள குமிழ்தான் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டு வாங்கியிருந்தேன். அறிவிப்பு வந்ததும் ரிலே குமிழைத் தாண்டி முழு ஒலியைத் தரும். ஒவ்வொரு அறையிலும் குமிழை அணைத்துவிட்டுச் சோதித்தோம்.

வரவேற்பு மேசை மைக் பேசும்போது அந்த ஜோன் மட்டும் ஊமையாகும்படி வைத்தாயிற்று. இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒலி திரும்ப மைக்கில் புகுந்து ஊளையிடும்.

மார்ச் 18
நடந்து பார்க்கும் சோதனை. வரவேற்பில் இருந்த அம்மா மைக்கில் தொடர்பில்லாத சொற்களை வாசிக்க, ஜோனுக்கு ஒருவர் நின்று கேட்டதை எழுதினார். தொடர்ந்த வாக்கியம் கொடுத்தால் கேட்காத சொல்லையும் ஊகித்து எழுதிவிடுவார்கள். வண்டி நிறுத்துமிடத்துத் தாளில் பிழை ஒன்றிரண்டுதான். இரண்டாம் தள லிஃப்ட் முன்னால் மட்டும் நிறைய விட்டுப்போனது. அங்கே டேப்பை 3 வாட்டிலிருந்து 6க்கு ஏற்றினேன், மறுபடி வாசித்தபோது எல்லாம் வந்தது. நாளை ஆம்ப் வைத்திருக்கும் ரேக்கில் லேபிள் ஒட்ட வேண்டும்.