கியோன் திருவிழா: கியோட்டோ நாட்குறிப்பு

ஜூலை 10

வகுப்பு முடிந்ததும் நேராக ஷிஜோ தெருவுக்குப் போனேன். தேர் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. இங்கே தேரை முழுதாகக் கொட்டகையில் நிறுத்தி வைப்பதில்லை. கட்டைகளாகப் பிரித்து வருஷம் முழுக்கப் பத்திரப்படுத்தி, ஜூலையில் நடுத்தெருவிலேயே கூட்டிக் கட்டுகிறார்கள். மரச்சட்டங்களைச் சேர்க்க ஆணி கிடையாது. எல்லாம் வைக்கோல் கயிறுதான்.

ஒரு மூலைக்கட்டின் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றேன். இரண்டு பேர் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறார்கள். மூன்றாமவர் மரச்சுத்தியால் ஒவ்வொரு சுற்றாகத் தட்டி நெருக்குகிறார். சுற்றுக்கு மேல் சுற்று ஏறி, கடைசியில் கட்டு பட்டாம்பூச்சி வடிவில் வந்து உட்காருகிறது. ஆணி அடித்தால் ஓட்டத்தில் மரம் பிளந்துவிடும், கயிறென்றால் குலுக்கலைத் தாங்கிக்கொள்ளும் என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்.

ஜூலை 12

இன்று வடம் பிடித்தேன்!

ஊர்வலம் 17ஆம் தேதிதான். அதற்கு முன் தேர் சரியாக ஓடுகிறதா என்று கொஞ்ச தூரம் இழுத்துப் பார்ப்பார்கள். அதில் யார் வேண்டுமானாலும் கை கொடுக்கலாம். குழந்தைகள், பாட்டிமார், என்னைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் என்று வடம் நெடுக ஆட்கள். மேலே மணியும் மேளமும் குழலும். தேரின் முன்விளிம்பில் இருவர் விசிறியை நீட்டிக் குரல் கொடுத்ததும் ஏறக்குறைய 12 டன் எடை மெல்ல நகர்ந்தது. உச்சி வரை சுமார் 25 மீட்டர் உயரம். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

நான் திருவாரூர்க்காரி. ஆழித்தேர் ஓடும் வீதியில் வளர்ந்தவளுக்கு உள்ளங்கையில் வடம் உரசியதும் தொண்டை அடைத்துவிட்டது. அம்மாவுக்கு வீடியோ அனுப்பினேன். "வடத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டியாடி?" என்று கேட்டாள். ஒத்திக்கொண்டேன் அம்மா.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஊர்வலத்தில் முதலில் போகும் நகினாத்தா ஹோகோ என்ற தேரில் பெண்கள் இன்றும் ஏற முடியாது. வேறு சில தேர்களில் பெண்களே அமர்ந்து வாசிக்கிறார்கள். வழக்கம் மாறக்கூடியதுதான் என்பதற்கு அதே தெருவில் சாட்சி இருக்கிறது. இதுவும் மாற வேண்டும்.

ஜூலை 15

இரவு. வாகனங்களை நிறுத்திவிட்டு ஷிஜோ தெருவை ஜனங்களுக்கு விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு தேர் முன்பும் காகித விளக்குகள் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. புழுக்கம் தாங்கவில்லை, ஆனாலும் வீட்டுக்குப் போக மனசில்லை.

தேர்ச்சீலைகளைப் பார்க்கத்தான் போனேன். கான்கோ ஹோகோவின் முன்சீலை 16ஆம் நூற்றாண்டில் பெல்ஜியப் பகுதியில் நெய்தது. அதில் இருப்பது பைபிள் கதை, ரெபேக்காள் தண்ணீர் கொடுக்கும் காட்சி. ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருந்த எடோ காலத்தில் இதைத் தேரில் கட்டி ஊர் நடுவே இழுத்திருக்கிறார்கள்! ட்சுகி ஹோகோவுக்கு உரியது 17ஆம் நூற்றாண்டு இந்தியக் கம்பளம். இந்தத் தெருக்களில் இருந்தவர்கள் துணி வியாபாரிகள். கப்பலில் வந்ததில் மிகச் சிறந்ததை வாங்கித் தங்கள் தெருவின் தேருக்குக் கட்டினார்கள். கைக்காசு போட்டு.

சிமாக்கி ஒன்று வாங்கினேன். மூங்கில் இலைக் கட்டு, தின்பதற்கில்லை, நோய் அண்டாமலிருக்க வாசலில் மாட்டுவது. விடுதி அறைக் கதவுக்கு மேல் இப்போது அதுதான்.

ஜூலை 17

விடிகாலையிலேயே போய்க் கவாராமாச்சி முனையில் இடம் பிடித்தேன். ஊர்வலம் புறப்படுவது 9 மணிக்கு. தேருக்கு இடிக்காமல் இருக்க வழியிலுள்ள சிக்னல் கம்பங்களை மடக்கி வைத்திருந்தார்கள்.

எனக்குத் தேர் திரும்புவதைப் பார்க்க வேண்டும். இந்தத் தேர்களின் அச்சு திரும்பாது, சக்கரம் நேராக மட்டும்தான் உருளும். அதனால் முனைக்கு வந்ததும் நிறுத்தி, பச்சை மூங்கிலைப் பிளந்து முன்சக்கரங்களுக்கு அடியில் பரப்பி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வடத்தைப் பக்கவாட்டில் மாற்றிக் கட்டினார்கள். விசிறிக்காரர்கள் குரல் கொடுக்க, ஒரே இழுப்பு. சக்கரங்கள் மூங்கில் மேல் வழுக்க, தேர் மொத்தமும் உறுமிக்கொண்டு சரிந்து திரும்பியது. உச்சிக் கம்பம் ஆடிய ஆட்டத்தில் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மூங்கிலைச் சரிசெய்து மறுபடி இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் வடக்கே பார்த்து நின்றது. எங்கள் ஊரில் முட்டுக்கட்டை போடுபவர்கள் செய்கிற வேலையை இங்கும் சக்கரத்தருகே குனிந்தபடி சிலர் செய்கிறார்கள். நேரே ஓடும்போது தேர் கோணினால் சக்கரத்தடியில் ஆப்பு செருகி வழிக்குக் கொண்டுவருவது அவர்கள்தான். யாரும் அவர்களைப் படம் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

869இல் கொள்ளைநோய் பரவியபோது, அன்றைய மாகாணங்களின் கணக்கில் 66 ஈட்டிகளை நட்டு வேண்டிக்கொண்டதுதான் இந்த விழாவின் தொடக்கம். 1533இல் கோவில் சடங்குகளை அரசு நிறுத்தச் சொன்னபோது, சடங்கு இல்லாவிட்டாலும் தேரையாவது இழுக்க விடுங்கள் என்று தெருக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். இவர்களை நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கிறது. நானே அந்தத் தெருக்காரி மாதிரி.

திரும்பி வரும்போது பார்த்தால், தேரை அதற்குள் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்! ஊரிலுள்ள நோய்க்கிருமிகளையும் துர்தேவதைகளையும் தேர் வாரிக்கொண்டு வருவதாக நம்பிக்கை, அதனால் உடனே பிரித்துவிட வேண்டுமாம். சாயங்காலம் இந்த விழாவுக்குரிய யசாகா கோவிலிலிருந்து மூன்று பல்லக்குகள் புறப்பட்டன. தேர்கள் தெருவைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகுதான் சாமி வெளியே வருகிறது.

ஜூலை 24

இரண்டாம் ஊர்வலம். 1966இலிருந்து முதல் ஊர்வலத்தோடு சேர்த்தே நடத்தி வந்ததை 2014இல்தான் மறுபடி தனியாகப் பிரித்தார்கள். தேர்கள் 11தான், கூட்டமும் குறைவு. எனக்கு இதுவே அதிகம் பிடித்தது.

தக்கா யாமா என்ற தேருக்காகத்தான் வந்தேன். 1826இல் பெருமழையில் சேதமாகி ஊர்வலத்திலிருந்து நின்றது. 1864 தீயில் தேர் எரிந்து, பொம்மைகளின் தலைகள் உள்ளிட்ட சில பொருட்களே மிஞ்சின. தெருக்காரர்கள் அவற்றைக் காப்பாற்றி வைத்தார்கள். தேரைப் புதிதாகக் கட்டி, 196 ஆண்டுகளுக்குப் பிறகு 2022இல் மறுபடி ஓட்டினார்கள். கடைசியாக ஓடியதைப் பார்த்த ஒருவரும் உயிரோடில்லை, இருந்தும் கட்டினார்கள். இன்று அது என்னைக் கடந்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற பாட்டியும் கும்பிட்டார்.

31ஆம் தேதி யசாகா கோவிலுக்குள் இருக்கும் சிறு சன்னதியில் புல் வளையத்துக்குள் நுழைந்து வருவதோடு விழா முடிகிறது. காலையில் தேர்வு இல்லை. போகிறேன்.