எஸ்.எஸ். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி

பாம்பனில் கரையேற்றிய ஃபைபர் படகு. அலுமினியத் தகட்டில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ. அதைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது.

ஸ்க்ரூ பளபளவென்றுதான் இருக்கிறது. அரிபட்டது தகடு. இரண்டு உலோகம், நடுவில் உப்பீரம் என்றால் அது பேட்டரியேதான், கரைவது அலுமினியம்.

உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானதளத்துக்கும் இதே காற்றுதான்.

விமானத்துக்குப் போகும் ‘2024’ என்ற எண் கொண்ட அலுமினியக் கலவையில் சுமார் 4% செம்பு. வலுவைத் தருவதும் அது, அரிப்புக்குக் கதவு திறப்பதும் அது. அதனால் அமிலத் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி, ஆக்சைடு படலம் வளர்க்கிறார்கள். வெகுகாலம் அதற்குக் குரோமிக் அமிலம்தான். ஆனால் அந்த வகைக் குரோமியம் புற்றுநோய் தரும். 2017 செப்டம்பருக்குப் பின் ஐரோப்பாவில் தனி அனுமதி இல்லாமல் தொட முடியாது.

மாற்றாக வந்தது டார்டாரிக் அமிலம். ஆமாம், நம் புளியில் இருப்பதேதான்!

லிட்டருக்குக் கந்தக அமிலம் 40 கிராம், டார்டாரிக் 80 கிராம், சுமார் 37 டிகிரி, 14 வோல்ட், இருபது நிமிடச் சொச்சம். படலம் சில மைக்ரான் போதும். தடித்தால் உலோகம் சோர்ந்து சீக்கிரம் விரிசல் விடும்.

சிக்கல் கீறலில். பழைய முறையில் படலத்தில் மிஞ்சிய குரோமேட் (குரோமிய உப்பு) கசிந்து கீறலை மூடும். புளி அமிலத்துக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. பாரம் முழுக்க மேலே அடிக்கும் பிரைமர் தலையில். எண்ணெய்ப் பிசுக்கு சரியாகப் போகாத இடத்தில் அதுவும் உரியும்.

படகுக்கு இவ்வளவு வேண்டாம். ஸ்க்ரூவுக்கு அடியில் நைலான் வாஷர், துளைக்குள் சீலண்ட், கரையேறியதும் நல்ல தண்ணீர்.