'ஆரா': ஒரு சொல், இரு மொழிகள்

ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கத்தலோனியாவில் வழங்கும் கத்தலான் மொழியில் 'ஆரா' என்றால் 'இப்போது'. மொராக்கோவின் தென்மேற்கில், அகாதிர் நகரையும் சூஸ் பள்ளத்தாக்கையும் சுற்றி வழங்கும் தஷல்ஹித் மொழியில் அதே 'ஆரா', 'எழுது' என்னும் ஏவல். பல வாரங்களாக இங்கே எதுவும் எழுதாமலிருந்த எனக்கு, இரண்டு பொருளையும் அடுத்தடுத்துப் படித்தபோது யாரோ அதட்டியது போலிருந்தது.

ஒலி ஒன்றானாலும் உறவு ஏதுமில்லை. கத்தலான் சொல், 'இந்த வேளையில்' எனப் பொருள்படும் 'ஹாக் ஹோரா' என்ற இலத்தீன் தொடர் தேய்ந்து உருவானது என்பர். ஸ்பானியத்தின் 'அஓரா'வும் அவ்வழி வந்ததே. கத்தலோனியாவின் நாட்டுப்பண், அறுவடைக்காரர்களை நோக்கி 'ஆரா எஸ் ஓரா', அதாவது 'இதுவே தருணம்' என்கிறது. அதில் 'ஹோரா' தேய்ந்த வடிவில் ஒரு முறையும் தேயாத வடிவில் ஒரு முறையும் ஒலிக்கிறது என்பதைப் பாடுவோரில் எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ! இலத்தீனுக்கு அச்சொல்லைத் தந்தது கிரேக்கம். அதே கிரேக்கச் சொல்தான் சமஸ்கிருதம் வழியாக நம் பஞ்சாங்கத்துக்குள் நுழைந்து சுக்கிர ஓரை, குரு ஓரை என நிற்கிறது. ஆக, கத்தலான் 'ஆரா' நம் 'ஓரை'க்குத் தூரத்து உறவு. (பலிபீடத்தைக் குறிக்கும் இன்னொரு 'ஆரா'வும் கத்தலானில் உண்டு, அதன் வேர் வேறு.)

தஷல்ஹித் சொல்லோ, பெர்பெர் என்றும் அழைக்கப்படும் வட ஆப்பிரிக்காவின் அமாசிக் மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொத்து. மத்திய அட்லஸ் மலைப்பகுதியில் அது 'ஆரி', அல்ஜீரியாவின் கபில் மொழியில் 'ஆரு'. உயிரொலிகள் இடத்துக்கு இடம் மாறினாலும் நடுவிலுள்ள ரகரம் மட்டும் அசைவதில்லை. தஷல்ஹித்துக்குள்ளேயே 'யூரா' என்றால் அவன் எழுதினான், 'தூரா' என்றால் அவள் எழுதினாள்; 'திர்ரா' என்பது எழுத்து.

அந்த எழுத்து பல நூற்றாண்டுகள் அரபு வரிவடிவிலேயே இருந்தது. அமாசிக் மொழிகளுக்கே உரிய பழைய வரிவடிவமான திஃபினாக்கின் புதிய வடிவை மொராக்கோ 2003இல் ஏற்றது. அதில் அகரத்துக்குச் சிறு வட்டம், ரகரத்துக்குப் பெரு வட்டம். எனவே 'எழுது' என்று எழுத வேண்டுமானால், ஒரு சிறு வட்டம், ஒரு பெரு வட்டம், மறுபடி ஒரு சிறு வட்டம் போட்டால் போதும்.