கண்ணாடியின் ஒரு மூலையை வெட்டி வைத்திருக்கலாம்

முந்தாநாள் ராத்திரி எட்டரை மணிக்கு மைக்ராஸ்கோப்பில் அந்த வளைந்த கோடுகள் முழுக்க வெள்ளையாக எரிந்தபோது, சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் எனக்கு அதிகம் வந்தது. நாலு மாதத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய வெளிச்சம் அது. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கையால் ஒரு லிக்விட் கிரிஸ்டல் செல்லாவது (இரண்டு கண்ணாடிக்கு நடுவே திரவப் படிகம் நிரப்பிய, எல்.சி.டி. திரையின் அடிப்படைக் கூறு) செய்து பார்த்தவர்களுக்கு இது பயன்படும்.

என் வேலை இதுதான். ஐ.பி.எஸ். (இன்-பிளேன் ஸ்விட்சிங்) என்ற வகைச் செல்லில் இரண்டு எலக்ட்ரோடும் ஒரே கண்ணாடியில் சீப்புப் பல்லைப் போல மாறி மாறி இருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவே மின்புலம் படுக்கையாக ஓடுவதால் மூலக்கூறுகள் படுத்தவாக்கிலேயே திரும்பும். பக்கவாட்டில் பார்த்தாலும் படம் கெடாது. ஆனால் பல்லுக்கு நேர்மேலே மின்புலம் செங்குத்தாக நிற்கிறது. அங்கே மூலக்கூறு திரும்பாது. எலக்ட்ரோடான ஐ.டி.ஓ. (இண்டியம் டின் ஆக்சைடு என்ற மின்கடத்திப் படலம்) கண்ணாடிபோல் தெளிவாக இருந்தும் அந்த இடம் இருட்டுப் பட்டையாகவே கிடக்கும். இதற்கு 1998இல் தென்கொரியாவின் ஹூண்டாய் எலக்ட்ரானிக்ஸ் குழு வெளியிட்ட வழிதான் எஃப்.எஃப்.எஸ். (ஃபிரிஞ்ச் ஃபீல்ட் ஸ்விட்சிங்). அடியில் முழுத் தகடாக ஒரு எலக்ட்ரோடு, மேலே மெல்லிய மின்காப்புப் படலம், அதன்மேல் பிளவுகள் வெட்டிய இன்னொரு எலக்ட்ரோடு. பிளவின் ஓரங்களில் பிதுங்கி வளையும் மின்புலம், எலக்ட்ரோடுக்கு மேலே இருப்பவற்றையும் சேர்த்துத் திருப்பிவிடும்.

நான் செய்யப் போனது அந்தப் பிளவுகளை நேராக விடாமல், செங்குத்துக்கு இருபுறமும் 10 டிகிரி சாய்த்து, அம்பு முனைபோல் மடக்குவது. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் எதிரெதிராகத் திரும்பும். ஒரு சாய்விலிருந்து பார்த்தால் மஞ்சளடிப்பதும் மறு சாய்விலிருந்து நீலமடிப்பதும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். கோட்டின் அகலம் 3 மைக்ரான், இடைவெளி 4.5. கணினியில் வரைய இரண்டு நாள்கூட ஆகவில்லை.

அப்புறம் அந்த வடிவத்தை ஒளியால் கண்ணாடியில் பதிக்க உதவும் தகடான மாஸ்க் வாங்க வேண்டும். இண்டென்ட் என்ற கொள்முதல் கோரிக்கைப் படிவத்தில் ‘போட்டோ மாஸ்க், எண்ணிக்கை 1’ என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் சத்தமே இல்லை. நேரில் போய்க் கேட்டால் கொள்முதல் பிரிவு எழுத்தர் கோப்பைத் தேடி எடுத்து, “ஒரே ஒரு மாஸ்க் எப்படி சார் வாங்க முடியும்? குறைஞ்சது நூறு பீஸ் பாக்ஸ்தான் வருது. கோவிட்கூட முடிஞ்சு போச்சே” என்றார். கிண்டல் இல்லை. கோப்பு மருந்தகப் பொருள்கள் வரிசையில் படுத்திருந்தது. இது குரோமியம் பூசிய குவார்ட்ஸ் தகடு, மூக்கில் மாட்டுவதல்ல என்று விளக்கிப் படம் காட்டிய பிறகு, “அப்ப மூணு கொட்டேஷன் வேணும்” என்றார். மூன்றும் வந்து சேர்ந்தன. ஒப்பீட்டுப் பட்டியலில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கு இன்னும் பதினொரு நாள்.

இதற்காவது எழுத்தரைக் குறை சொல்லலாம். அடுத்தது முழுக்க என் கைங்கர்யம். மாஸ்க்கை எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறி, காலையில் வெளியூர் கிளீன் ரூமுக்கு (தூசி கட்டுப்படுத்திய ஆய்வகம்) போய் இறங்கினேன். அங்கிருந்த டெக்னீஷியன் அண்ணன் அதை விளக்கொளியில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். “தம்பி, பாசிட்டிவ் ரெசிஸ்ட்டா போடப் போறீங்க? இது தலைகீழா இருக்கே.”

கணினிக் கோப்பில் நான் வரைந்திருந்தது பிளவுகளை. பிளவு ஒளி புகும் இடமா, குரோமியம் இருக்கும் இடமா என்று ஆர்டரில் எழுதவில்லை. அவர்கள் வரைந்த இடமெல்லாம் குரோமியம் என்று எடுத்துக்கொண்டார்கள். ரெசிஸ்ட் என்பது ஐ.டி.ஓ. மேல் பூசும் ஒளியுணர் பூச்சு; அது நிற்கும் இடத்தில்தான் அமில அரிப்பில் ஐ.டி.ஓ. தப்பும். பாசிட்டிவ் ரெசிஸ்டில் ஒளி பட்ட இடம் கரையும். அதாவது பிளவு வரவேண்டிய இடத்தில் மட்டும் ஐ.டி.ஓ. மிஞ்சி, ஒன்றோடொன்று ஒட்டாத ஆயிரக்கணக்கான குட்டித் தீவுகள் கிடைக்கும். மின்சாரம் எந்தத் தீவுக்கும் போகாது. நெகட்டிவ் ரெசிஸ்டில் நேர்மாறு, ஒளி பட்டது நிற்கும். அதை வைத்து இதே மாஸ்க்கைப் பிழைக்க வைக்கலாம் என்றார் அண்ணன். ஆனால் அன்று அங்கே நெகட்டிவ் ரெசிஸ்ட் கையிருப்பில் இல்லை. மதியமே திரும்பி பஸ் ஏறினேன். மாஸ்க் ஆர்டரில் எது ஒளி புகும் இடம், எது மறைக்கும் இடம் என்று ஒரு சின்னப் படமே போட்டு அனுப்பிவிடுங்கள். அவர்களாகப் புரிந்துகொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

பத்து நாள் கழித்து நெகட்டிவ் ரெசிஸ்டோடு போனேன். கோடுகள் அழகாக வந்தன, அமில அரிப்பும் பிசகவில்லை. ஆனால் பன்னிரண்டு கண்ணாடியில் ஏழு, மேல் எலக்ட்ரோடும் கீழ் எலக்ட்ரோடும் ஷார்ட். மல்டிமீட்டரில் வெறும் 12 ஓம். நடுவிலிருந்த 300 நானோமீட்டர் சிலிக்கான் டை ஆக்சைடு படலத்தில் ஊசித்துளைகள். தூசி ஒட்டிய இடமெல்லாம் ஓட்டை. இதற்கு அண்ணன் சொன்ன வைத்தியம்: முதலில் 150 நானோமீட்டர் படிய விடு, வெளியே எடுத்துக் கழுவு, மறுபடி 150 போடு. முதல் படலத்து ஓட்டையும் இரண்டாவது படலத்து ஓட்டையும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். அடுத்த சுற்றில் பன்னிரண்டில் பதினொன்று தேறின. மீட்டரை, மூலக்கூறுகளை வரிசைப்படுத்தும் பாலிஇமைடு படலத்தைப் பூசும் முன்னால் வையுங்கள். செல் ஒட்டி முடித்த பிறகு தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பாலிஇமைடு பூசி, வெல்வெட் உருளையில் ஒரே திசையில் தேய்த்தால்தான் மூலக்கூறுகள் அந்தத் திசையில் வரிசை கட்டும். பாசிட்டிவ் வகை லிக்விட் கிரிஸ்டல் மின்புலத்தின் திசைக்கே திரும்பக்கூடியது. எனவே பிளவுகளின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். என் கண்ணாடி 25 மில்லிமீட்டர் சதுரம், எப்படித் திருப்பினாலும் ஒரே முகம். ஒரு மூலையை வெட்டி வைத்திருந்தால் திசை தெரிந்திருக்கும். பின்பக்கம் மார்க்கர் பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தேன். ஐசோபுரோப்பனால் கழுவலில் அது போயே போய்விட்டது. ஐ.டி.ஓ. கோடுகளும் சும்மா பார்த்தால் தெரியாது. சாய்த்து விளக்கில் பிடித்தால் தெரிந்திருக்கும், அந்த அவசரத்தில் யார் பிடித்தார்கள்? பதினொன்றையும் ஒரே மதியத்தில் 90 டிகிரி மாற்றித் தேய்த்துவிட்டேன்.

இதில் கொடுமை, தப்பு வெளியே தெரியவே தெரியாது. குறுக்கே வைத்த இரண்டு போலரைசருக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) நடுவில் வைத்தால் செல் கன்னங்கரேலென்று இருக்கிறது, ஏனென்றால் 90 டிகிரி மாறினாலும் இருட்டு இருட்டுத்தான். சந்தோஷமாக மூன்று செல்லை நிரப்பி மின்னழுத்தம் கொடுத்தேன். லேசாகச் சாம்பல் பூத்தது, அவ்வளவுதான். 5 வோல்ட், 8, 10, எதற்கும் அசையவில்லை. லிக்விட் கிரிஸ்டல் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டு இரண்டு வாரத்தைத் தொலைத்தேன். கடைசியில் காகிதத்தில் கணக்குப் போட்டேன். செல் வழியே வரும் ஒளி, மூலக்கூறு திரும்பும் கோணத்தின் இருமடங்குக்குச் சைன் எடுத்து வர்க்கம் போட்டது; 45 டிகிரியில் உச்சம். நான் தேய்த்த திசையோ மின்புலத்துக்கு 10 டிகிரி பக்கத்திலேயே இருக்கிறது. எவ்வளவு வோல்ட் கொடுத்தாலும் அந்த 10 டிகிரிக்கு மேல் திரும்ப இடமே இல்லை. சைன் 20இன் வர்க்கம் 0.117. என் ஒளி மீட்டர் காட்டிக்கொண்டிருந்ததும் உச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான்.

மீதி எட்டுக் கண்ணாடியையும் குப்பையில் போடத்தான் எடுத்தேன். அப்போதுதான் ஃப்ரிட்ஜில் பழைய மாணவர் ஒருவர் விட்டுப்போன நெகட்டிவ் வகை லிக்விட் கிரிஸ்டல் குப்பி ஞாபகத்துக்கு வந்தது. அது மின்புலத்தை விட்டு விலகித் திரும்பும் ஜாதி. அதற்குத் தேய்க்க வேண்டியதே நான் தப்பாகத் தேய்த்த திசையில்தான்! ரெசிஸ்டிலும் நெகட்டிவ், இதிலும் நெகட்டிவ் என்று சிரித்துக்கொண்டே நிரப்பினேன். அதுதான் முந்தாநாள் எரிந்த செல். பாசிட்டிவ் வகை, மின்புலம் நிமிரும் இடங்களில் தானும் கொஞ்சம் தலைதூக்கி ஒளியை இழக்கும். நெகட்டிவ் படுத்தேதான் கிடக்கும். அதனால் எலக்ட்ரோடுக்கு மேலேயும் பிளவுக்கு நடுவிலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே சீராக இருந்தது. இலவசமில்லை: பாசிட்டிவ் வகைக்கு எதிர்பார்த்திருந்த 5 வோல்ட் 6.5 ஆகிவிட்டது, குழகுழப்பு அதிகமென்பதால் அணைவதும் மெதுவாகத்தான்.

மடக்கின் முனையில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு நிற்கிறது. எதிரெதிராகத் திரும்பும் இரண்டு பாதிகள் சந்திக்கும் இடம், அங்கே யாரும் திரும்புவதில்லை. முனையில் கோணத்தைச் சற்றுக் கூட்டி அந்தக் கோட்டை அலையவிடாமல் ஒரே இடத்தில் கட்டிப்போட வேண்டும். புதுப் படம் தயார், இந்தத் தடவை ஒரு மூலையில் வெட்டுக்குறியும் உண்டு. நேற்று இண்டென்ட் கொடுத்துவிட்டேன். பொருளின் பெயர் என்ற இடத்தில் ‘குரோமியம் பூசிய குவார்ட்ஸ் தகடு’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மாஸ்க் என்ற வார்த்தையே அதில் கிடையாது.